ஹேண்ட் பிரேக் சனிக்கிழமைகள்

“மேடம், சிவப்பு லைட் எரியுதே?”

“அது எரியும் சார். கொஞ்ச நாளாவே அப்படித்தான். பழகிப் போச்சு.”

“பழகிப் போச்சா? ஹேண்ட் பிரேக் லைட்டுங்க இது!”

“பிரேக்கை நல்லா இறக்கித்தான் விட்டிருக்கேன். அது பாட்டுக்கு எரியுது, நான் பாட்டுக்கு ஓட்டறேன். ஒருத்தரை ஒருத்தர் தொந்தரவு பண்ணிக்கறதில்ல.”

“அப்படி விடக்கூடாது மேடம். பிரேக் ஆயில் குறைஞ்சாலும் இதே லைட்டுதான் எரியும். இப்பவே எந்நேரமும் எரிஞ்சிட்டிருந்தா, நிஜமாவே ஆயில் இறங்கற அன்னைக்கு உங்களுக்கு யாரு சொல்லுவா?”

“நீங்க வந்து சொல்லுங்களேன்.”

வாய் தவறி வந்த அந்தக் கடைசி வாக்கியத்தை நினைத்தால் அவளுக்கு இன்றைக்கும் காது மடல் சூடாகும். கேக் செய்து விற்பவள் அவள். தெருவில் சின்னது பெரியது எல்லாருக்கும் ‘கேக்கக்கா’. அன்று ஓர் அலுவலகத்துக்கு இரண்டு பெட்டி கேக் கொண்டு போயிருந்தாள். போன நேரம் பார்த்து லிப்ட் படுத்துக்கொண்டது. லிப்டைப் பழுது பார்த்துக்கொண்டிருந்த மெக்கானிக், ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, அந்தப் பெட்டிகளை ஒவ்வொன்றாக, தலைச்சன் பிள்ளையைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு ஐந்தாவது மாடிக்கு ஏறினார். இரண்டாவது பெட்டிக்காகக் கார் வரைக்கும் வந்தபோது, காரை ஓரமாக நகர்த்த அவள் சாவியைத் திருப்பியிருந்தாள்; அப்போதுதான் அந்தச் சிவப்பு லைட் அவர் கண்ணில் பட்டது.

அவள் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டு அடுத்த சனிக்கிழமையே டூல் பையோடு வந்து நின்றார். அதற்கடுத்த சனிக்கிழமையும் வந்தார். அதற்கடுத்ததும்.

முதல் தடவை பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவை உற்றுப் பார்த்தார். இரண்டு கோட்டுக்கும் நடுவில் ஆயில் சமர்த்தாக நின்றது. அடுத்த தடவை அந்த டப்பாவின் மூடியில் இருந்த சென்சார் ஒயரைக் கழற்றிப் பார்த்தார். லைட் அசரவில்லை. அப்புறம் ஜாக்கி போட்டுப் பின் சக்கரங்களைத் தூக்கிக் கையால் சுழற்றினார். சக்கரம் இரண்டும் தடையில்லாமல் சுழன்றன. கேபிள் சரியாக இருந்தது, பிரேக் எங்கேயும் பிடித்துக்கொள்ளவில்லை. லைட் மட்டும், ‘நான் இங்கேதான் இருக்கேன்’ என்று எரிந்துகொண்டே இருந்தது.

ஒவ்வொரு முறையும் வேலை முடிந்ததும் சமையலறைக் குழாயில் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுவார். கேக்கைச் சமமாக்க வெட்டி எடுத்த மேல் துண்டுகளை அவள் தட்டில் வைத்துத் தருவாள். நின்றுகொண்டே சாப்பிடுவார். கூலி என்று பேச்செடுத்தால், “அதான் தட்டுல வாங்கிட்டேனே” என்பார். உட்காரச் சொன்னால் மட்டும் தலையை ஆட்டிவிடுவார்.

“எங்க வேலை அப்படி மேடம். நல்லா ஓடற லிப்டை யாரும் நினைச்சுக்கூடப் பாக்க மாட்டாங்க. நின்னு போனாத்தான் எங்க ஞாபகமே வரும். ரிப்பேர் இருக்கற இடத்துக்குப் போவேன், முடிச்சிட்டு வந்துருவேன். சும்மா ஒரு வீட்டுக்குப் போய் உக்காந்து எத்தனை வருஷமாச்சுன்னு எனக்கே தெரியல.”

அவர் இதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவளுக்குத்தான் நெஞ்சில் எங்கேயோ முள் மாதிரி தைத்தது. அன்றிலிருந்து ஒரு வாக்கியம் அவள் தொண்டைக்குள் உட்கார்ந்துகொண்டது. சின்ன வாக்கியம்தான். ஆனால் நாற்பதை எட்டிப் பார்க்கும் வயதில், அப்பாவுக்குப் பிறகு அடுப்பையும் தங்கையின் படிப்பையும் மட்டுமே பார்த்து வளர்ந்துவிட்ட ஒருத்தி, ஒண்டிக்கட்டையான ஓர் ஆண்பிள்ளையிடம் அதை எப்படிச் சொல்வது? ஒவ்வொரு சனிக்கிழமையும் தட்டை நீட்டும்போது வாய்வரை வரும். அவர் நன்றி சொல்லித் தட்டை வாங்கியதும் திரும்பிப் போய்விடும்.

லைட் அணைந்த நாளில் அவர் வருவது நின்றுவிடும். இது அவளுக்குக் கண்ணாடி மாதிரித் தெரிந்தது. அதனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் சாவியைத் திருப்பும்போது, ‘அணைஞ்சிடக்கூடாது’ என்று அந்த லைட்டிடமே கெஞ்சிக்கொள்வாள்.

இந்தச் சனிக்கிழமை வீடு காலையிலிருந்தே அமளிதுமளிப்பட்டது. மூன்றடுக்குக் கல்யாணக் கேக் பிரிட்ஜில் நின்றது. மதியத்துக்குள் மேட்டின் உச்சியில் இருக்கும் மண்டபத்தில் அதை இறக்கியாக வேண்டும். செங்குத்தான ஏற்றம். அங்கே காரை நிறுத்திப் பெட்டியை இறக்குவதென்றால் ஹேண்ட் பிரேக்கை நம்பித்தான் இறக்க வேண்டும்.

“அக்கா, உன் ஆளு வந்தாச்சு!” வாசலில் இருந்து தங்கை குரல் கொடுத்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். ஊரார் கண்ணையெல்லாம் அளந்து பவர் சொல்பவளுக்குத் தன் வாயை மட்டும் அளக்கத் தெரியாது.

“வாயை மூடுடி! காதுல விழப்போகுது.”

“விழட்டுமே. லிப்ட் மாமான்னு கூப்பிட்டுப் பாக்கவா?”

“கூப்பிட்டுப் பாரு, கேக்கோட சேத்து உன்னையும் வெட்டிருவேன்.”

டூல் பையோடு உள்ளே வந்தவர் நேராகக் காருக்குப் போகாமல் சமையலறை வாசலில் நின்றார். இன்று சட்டைக்கு இஸ்திரி போட்டிருந்தார். பழுது பார்க்க வருகிற மனிதர் இஸ்திரி போட்ட சட்டையிலா வருவார்? தங்கை புருவத்தை உயர்த்தினாள். அக்கா கிரீம் கிண்ணத்துக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

“இன்னைக்கு முடிச்சிரலாம் மேடம். ஹேண்ட் பிரேக் லிவருக்குக் கீழே ஒரு சுவிட்ச் இருக்கும். மிச்சம் அது ஒண்ணுதான்.”

‘முடிச்சிரலாம்’ என்ற சொல்லைக் கேட்டதும் அவள் கையிலிருந்த கரண்டி கிண்ணத்துக்குள் தொப்பென்று விழுந்தது.

“சார், ஒரு சந்தேகம்,” என்றாள் தங்கை, கைப்பேசியைத் தூக்கிக் காட்டியபடி. “இந்த லைட் எரிஞ்சா எல்லாருமே முதல்ல அந்த சுவிட்சைத்தான் பாப்பாங்களாமே? நீங்க ஏன் அதைக் கடைசிக்கு வச்சீங்க?”

அவர் முகம் செக்கச் செவேலென்று ஆனது. “அது... லிப்ட் வேலையில நாங்க மேலேயிருந்துதான் பாத்துக்கிட்டு வருவோம். மெஷின் ரூம், அப்புறம் கேபிள், அப்புறம்...”

“கார்ல மேலேன்னா எது சார்? வானமா?”

“போடி உள்ள!” என்று அக்கா விரட்டினாள். விரட்டிய கையோடு அவளுக்குள் பட்டாசுச் சரத்தில் நெருப்பு வைத்ததுபோல் ஒன்று படபடவென்று ஓடியது. அவரும் வேண்டுமென்றேதான் இழுத்தாரா? இல்லை, நிஜமாகவே லிப்ட்காரப் புத்தியா? கேட்டுவிடலாமா? கேட்டு, இல்லை என்று சொல்லிவிட்டால்?

கார் வீட்டுப் பக்கவாட்டு நிழலில் நின்றது. அவர் முன்கதவைத் திறந்து, இரண்டு சீட்டுக்கும் நடுவில் இருந்த பிளாஸ்டிக் மூடியின் ஸ்க்ரூக்களைக் கழற்றி அதைத் தூக்கினார். ஹேண்ட் பிரேக் லிவரின் அடிப்பாகம் வெளியே தெரிந்தது. அதன் பக்கத்தில் சுண்டுவிரல் அளவில் ஒரு சுவிட்ச். நுனியில் ஒரு சின்ன முளை.

“பாருங்க மேடம். லிவர் கீழே இறங்கினா இந்த முளையை அமுக்கணும். அமுக்கினா லைட் அணையும். லிவரைத் தூக்கினா முளை வெளியே வரும், லைட் எரியும். அவ்வளவுதான் கதை.” சாவியைத் திருப்பச் சொன்னார். திருப்பினாள். சிவப்பு எரிந்தது. அவர் சுவிட்சில் இருந்து ஒயரைச் சடக்கென்று பிடுங்கினார்.

லைட் அணைந்தது.

“அணைஞ்சிருச்சு!” என்று தன்னையும் மீறிக் கத்திவிட்டாள். இத்தனை வாரமாக எதற்காகப் பயந்தாளோ அது நடந்தும், நெஞ்சு குதித்துவிட்டது. சமையலறையிலிருந்து தங்கை கரண்டியோடு ஓடி வந்தாள். அவரும் சின்னப் பையன் மாதிரி சீட்டைத் தட்டினார்.

“மாட்டிக்கிச்சு மேடம்! ஒயரைச் சொருகினா எரியுது, எடுத்தா அணையுது. அப்ப கோளாறு இந்த சுவிட்சுல மட்டும்தான்.”

முளையை விரலால் அமுக்கினார். அது அசையவில்லை. கட்டைவிரலை வைத்து அழுத்தினார். கல்லு மாதிரி நின்றது. “அதான் விஷயம்! இது உள்ளே போகாததால லிவரும் ஒரு நூல் அளவு மேலேயே நின்னிருக்கு. நம்ம கண்ணுக்குத்தான் இறங்கின மாதிரி தெரிஞ்சிருக்கு.” எண்ணெய் ஸ்பிரேயை எடுத்து அடித்தார், துடைத்தார், மறுபடி அடித்தார். பயனில்லை. ஸ்க்ரூ டிரைவர் நுனியால் சுரண்டினார். பழுப்பு நிறத்தில், கண்ணாடிச் சில்லு மாதிரி ஏதோ தெறித்தது.

“பழைய கிரீஸ் இறுகிப் போயிருக்கு போல,” என்றார். பிறகு எழுந்து உட்கார்ந்து, துணியில் கையைத் துடைத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். அவளைப் பார்க்காமல் ஸ்டியரிங்கைப் பார்த்துச் சொன்னார். “எண்ணெய்க்கே மசியல. இது தேறாது மேடம். புது சுவிட்ச் வாங்கிட்டு அடுத்த சனிக்கிழமை வரேன். இன்னைக்கு இந்த ஒயரைக் கழட்டியே விட்டுடறேன். ஆயில் குறைஞ்சா லைட் அதுபாட்டுக்கு எரியும், அதுல ஒண்ணும் பயமில்ல. ஹேண்ட் பிரேக்கை இறக்காம ஓட்டினா மட்டும் காட்டாது. நீங்க கொஞ்சம் ஞாபகமா...”

“அக்காவுக்கா? ஞாபகமா?” தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். “ஒரு தடவை பிரேக்கை இறக்காமலேயே சந்தை வரைக்கும் ஓட்டிட்டு, யார் வீட்டிலயோ ரப்பர் தீயுதுன்னு ஊரைத் திட்டினவ சார் இவ!”

அவளுக்குத் தங்கையின் கிண்டல் எதுவும் காதில் ஏறவில்லை. அடுத்த சனிக்கிழமை. கேட்காமலே ஒரு சனிக்கிழமை அவள் மடியில் வந்து விழுந்திருக்கிறது! அவள் எதுவும் செய்ய வேண்டாம். சரி என்று தலையாட்டினால் போதும்.

ஆட்டியும் இருப்பாள். ஆனால் சீட்டின் மேல் தெறித்துக் கிடந்த அந்தப் பழுப்புச் சில்லு வெளிச்சத்தில் மினுக்கியது. கிரீஸ் இப்படி மினுக்காது. கை தன்னால் நீண்டு அதை எடுத்தது. முகர்ந்தாள். ஸ்பிரே நெடிக்கு அடியில், மெல்லிசாக, கொஞ்சம் தீய்ந்த ஓர் இனிப்பு வாசம். உலகத்தில் வேறு யார் ஏமாந்தாலும் அவள் மூக்கு அந்த வாசத்தில் ஏமாறாது.

அவள் காய்ச்சிய கேரமல்!

கண் முன்னால் எல்லாம் ஓடியது. ஒரு பிரிவு உபசார விருந்துக்குக் கேக் கொண்டு போன நாள். கேரமலை வீட்டிலேயே ஊற்றினால் போவதற்குள் கசிந்து அழும் என்று, கொதிக்கக் கொதிக்கப் பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு, அங்கே போய் ஊற்றிக்கொள்ளலாம் என்று இரண்டு சீட்டுக்கும் நடுவில், லிவரை ஒட்டிச் செருகி வைத்திருந்தாள். குறுக்கே ஒரு சைக்கிள் வந்தது. பிரேக்கை மிதித்தாள். பாத்திரம் குப்புறக் கவிழ்ந்தது. சீட்டை எல்லாம் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தாள். இடுக்கு வழியாக உள்ளே இறங்கியது யாருக்குத் தெரியும்? இந்த லைட் எரிய ஆரம்பித்ததும் அதற்குப் பிறகுதானே!

சொல்லாமல் இருந்துவிடலாம். யாருக்கும் தெரியாது. ஒரு சனிக்கிழமை லாபம்.

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். ஐந்து மாடி ஏறிக் கேக் சுமந்த மனிதர். இவரை ஒரு பொய்ச் சுவிட்சைக் காட்டியா கூப்பிடுவது? அப்புறம் அவர் கையில் தட்டைக் கொடுக்கும்போது எந்த முகத்தோடு கொடுப்பாள்?

“சார், இது கிரீஸ் இல்ல.” சில்லை அவர் முன்னால் நீட்டினாள். “சர்க்கரை! நான் காய்ச்சின கேரமல். எண்ணெயில இது ஜென்மத்துக்கும் கரையாது. சுடுதண்ணியில போட்டா நொடியில கரையும். அந்த சுவிட்சைக் கழட்டிக் குடுங்க!”

அவர் வாய் பிளந்தார். “சர்க்கரையா?”

“நக்கிப் பாருங்க வேணும்னா!” என்றாள் தங்கை.

ஒரே ஸ்க்ரூதான். அவர் கழற்றிக் கொடுத்தார். ஆனால் கொடுக்கிற வேகம் மட்டும் பழைய வேகமாக இல்லை. அதை அவள் கவனித்தாள். கவனித்ததும் கால் தரையில் பாவவில்லை. ஓட்டமும் நடையுமாகச் சமையலறைக்குப் போனாள். அவரும் பின்னாலேயே வந்தார். தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு தம்ளரில் ஊற்றி, சுவிட்சின் முளைப் பக்கத்தை மட்டும் அதில் அமிழ்த்திப் பிடித்தாள். இருவரும் குனிந்தார்கள். தலையோடு தலை மோதாத குறை.

தெளிந்த தண்ணீரில் பழுப்பாக ஒரு நூல் இறங்கியது. அப்புறம் இன்னொன்று. தேநீர் இறங்குவதுபோல் தம்ளர் நிறம் மாறியது.

“கரையுது!”

“கரையுது மேடம், கரையுது! ஆட்டாதீங்க, அப்படியே பிடிங்க!”

தண்ணீரை மாற்றினாள். பழைய பிரஷ்ஷால் தேய்த்தாள். அவர் விரல் வைத்து அமுக்கினார். ‘டிக்.’ முளை உள்ளே போனது. விட்டார். ‘டிக்.’ வெளியே வந்தது. இருவரும் ஒரே சமயத்தில் சிரித்தார்கள். குழந்தைக்குப் பொம்மை கிடைத்த மாதிரி அவர் டிக் டிக்கென்று அமுக்கிக்கொண்டே இருந்தார்.

“உள்ளே ஈரம் இருந்தா ஆகாது. காயணுமே,” என்று சட்டென்று கவலைப்பட்டார்.

“அதுக்கும் நம்மகிட்ட ஆளிருக்கு.” கேக் மேல் சாக்லேட்டுக்குப் பளபளப்பு ஏற்ற வைத்திருக்கும் ஹேர் டிரையரை எடுத்து நீட்டினாள்.

அவர் சுவிட்சைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். அவள் காற்றைப் பாய்ச்சினாள். வெதுவெதுப்பான காற்றில் அவருடைய இஸ்திரிச் சட்டையின் காலர் படபடத்தது. அவள் பார்வை அங்கே போய்ப் போய்த் திரும்பியது. ஹேர் டிரையர் போட்ட சத்தத்தில், தொண்டைக்குள் இருந்த அந்த வாக்கியத்தைச் சொன்னாலும் கேட்டிருக்காது. சொல்லிப் பார்க்கலாமா என்றுகூட நினைத்தாள்.

“அக்கா! மண்டபத்திலேருந்து போன்! கேக் எங்கேங்கறாங்க!”

அவ்வளவுதான், வீடு மறுபடி பறந்தது. அவர் சுவிட்சை மாட்டினார், ஒயரைச் சொருகினார், இடுக்கில் இருந்த மிச்சக் கேரமலையும் சுடுதண்ணீர்த் துணியால் ஒற்றி எடுத்தார். லிவரை இறக்கினார். இந்த முறை அது ஒரு நூல் அளவு கூடுதலாகவே இறங்கி, ‘டொக்’ என்று உட்கார்ந்தது. சாவியைத் திருப்பினாள். எல்லா லைட்டும் எரிந்தன. எல்லாம் அணைந்தன. சிவப்பும் சேர்த்து.

லிவரைத் தூக்கினார்: எரிந்தது. இறக்கினார்: அணைந்தது. தூக்கினார். இறக்கினார். கொஞ்சம் அதிகமாகவே தூக்கி இறக்கினார்.

“சரியாயிருச்சு மேடம்,” என்றார். சந்தோஷமான செய்தியைச் சொல்கிற குரலாக அது இல்லை.

“ஆமா சார். சரியாயிருச்சு,” என்றாள். இவள் குரலும் அதே ரகம்தான்.

“ரெண்டு பேரும் என்ன, துக்கம் விசாரிச்சிட்டிருக்கீங்க?” என்று தங்கை பெட்டியோடு குறுக்கே வந்தாள். “கதவைத் திற அக்கா, க்ரீம் உருகுது!”

மூவருமாகக் கேக்கைப் பின்சீட்டில் ஏற்றினார்கள். தங்கை அதைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்தாள். அவர் கைகழுவப் போகவில்லை. தட்டுக்கும் இன்று நேரமில்லை. டூல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல் கேட்டைத் திறந்துவிட்டு ஓரமாக நின்றார்.

“பார்த்துப் போங்க மேடம். இனிமே லைட் எரிஞ்சா உடனே வண்டியை நிறுத்துங்க. இனி அது பொய் சொல்லாது.”

அவள் தலையாட்டினாள். காரை நகர்த்தினாள். கேட்டைத் தாண்டியது. டேஷ்போர்டில் சிவப்பு இருந்த இடம் கறுப்பாக, பல் விழுந்த வாய் மாதிரி வெறிச்சென்று இருந்தது. கண்ணாடியில் அவர் தெரிந்தார். எண்ணெய்க் கையை எதில் துடைப்பது என்று தெரியாமல், இஸ்திரிச் சட்டையில் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“அக்கா,” என்றாள் தங்கை பின்னாலிருந்து, கிண்டலில்லாத குரலில். “ஊர் கண்ணையெல்லாம் நான்தான் பாக்கறேன். அந்தாளு கண்ணுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியுது. உனக்குத் தெரியலையா?”

அவள் பிரேக்கை மிதித்தாள். கார் நின்றது. ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து ஒரே இழுப்பு. டேஷ்போர்டில் சிவப்பு பளிச்சென்று எரிந்தது.

“அய்யோ, கேக்கு! மெதுவாடி!” என்று தங்கை அலறினாள்.

அலறலையும் ‘டி’யையும் சட்டை செய்யாமல் அவள் ஜன்னலை இறக்கித் தலையை முழுக்க வெளியே நீட்டினாள். அவர் அடித்துப் பிடித்து ஓடி வந்தார்.

“என்ன மேடம்? மறுபடி எரியுதா?”

“நான்தான் எரிய வச்சேன்.” மூச்சு வாங்கியது. காது மடல் தீயாகச் சுட்டது. சுடட்டும். “அடுத்த சனிக்கிழமை காரு நல்லாத்தான் இருக்கும். வீட்டுல எதுவும் ரிப்பேர் ஆகாது. ஒரு ஸ்க்ரூகூட லூசா இருக்காது. டூல் பையை எடுத்துட்டு வராதீங்க.”

அவர் புரியாமல் விழித்தார்.

“சும்மா வாங்க,” என்றாள். “வந்து உக்காந்து சாப்பிடுங்க.”